பாடத்திட்டத்தில் அரசியலா? அடிப்படையிலிருந்து பார்ப்போம்

ஒரு பள்ளி ஆண்டு என்பது சுமார் 200 நாள், சில நாடுகளில் அதைவிடவும் குறைவு. ஒரு நாளைக்கு ஏழோ எட்டோ பாடவேளை. அதற்குள் மொழி, கணக்கு, அறிவியல், வரலாறு, விளையாட்டு, ஓவியம் எல்லாம் அடங்கியாக வேண்டும், நடுவில் தேர்வும் வைக்க வேண்டும். கற்றுக்கொள்ள உலகத்தில் கிடப்பதோ கடலளவு. அப்படியென்றால் யாரோ ஒருவர் உட்கார்ந்து "இது உள்ளே, இது வெளியே" என்று பிரித்தே ஆக வேண்டும். ஒரு நாட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் சேர்த்து அப்படிப் பிரித்து வைத்த ஆவணம்தான் தேசியக் கலைத்திட்டம். பிரிக்கிறவர் எதை அளவுகோலாக வைத்துப் பிரிக்கிறார் என்று கேட்டுப் பார்த்தால் போதும், அரசியல் எங்கே இருக்கிறது என்பது புரிந்துவிடும்.

மூன்று சொற்களை முதலிலேயே தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் பேச்சில் மூன்றையும் குழப்பிக்கொள்கிறோம். கலைத்திட்டம் என்பது பள்ளி எதற்காக, பிள்ளை என்ன ஆக வேண்டும், எந்த வயதில் எதெல்லாம் வேண்டும் என்கிற பெரிய வரைபடம். பாடத்திட்டம் என்பது ஒவ்வொரு வகுப்புக்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் உள்ள தலைப்புப் பட்டியல். பாடநூல் அந்தப் பட்டியலை வாக்கியங்களாக, படங்களாக, கணக்குகளாக மாற்றியது. சண்டை பெரும்பாலும் பாடநூலில்தான் வெடிக்கிறது, ஏனென்றால் வீட்டுக்கு வருவது அது மட்டும்தான். முடிவுகள் எடுக்கப்படுவது அதற்கு இரண்டு மாடி மேலே.

"பாடப்புத்தகத்தில் அரசியல் வேண்டாம், பிள்ளைகளுக்கு உண்மையை மட்டும் சொல்லிக்கொடுங்கள், போதும்" என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நல்ல மனசோடு சொல்வதுதான். ஆனால் எந்த உண்மையை? ஒரு போர் எந்த ஆண்டு தொடங்கியது என்பது உண்மை. அந்தப் போரில் எத்தனை பேர் பட்டினியால் செத்தார்கள் என்பதும் உண்மை. இதில் எதற்கு ஒரு பக்கம், எதற்கு ஒரு வரி என்பதை உண்மை தானாக வந்து சொல்லாது. அதை ஒரு மனிதரோ ஒரு குழுவோ முடிவு செய்கிறது, முடிவு செய்யும்போது எது முக்கியம் என்று தாங்கள் நம்புவதை வைத்துத்தான் செய்கிறது. அந்த நம்பிக்கைக்குப் பெயர்தான் விழுமியம். அது இல்லாத கலைத்திட்டம் எங்கும் கிடையாது, இருக்கவும் முடியாது.

வரலாறு, குடிமையியல் என்றால் சரி, கணக்கில் என்ன அரசியல் இருக்கப்போகிறது என்று கேட்கலாம். 1930களின் ஜெர்மனியில், நாஜி ஆட்சியின்போது, பள்ளிக் கணக்குப் புத்தகம் ஒன்றில் வந்த கணக்கு இந்த மாதிரி: ஒரு மனநலக் காப்பகம் கட்ட 60 லட்சம் மார்க் ஆனது, ஒரு வீடு கட்ட 15,000 மார்க் ஆகும், அந்தப் பணத்தில் எத்தனை வீடு கட்டியிருக்கலாம்? விடை 400. வகுத்தல் சரி, விடை சரி, முழு மதிப்பெண். பிள்ளை நோட்டில் 400 என்று எழுதி முடிக்கும்போது கூடவே இன்னொன்றும் உள்ளே இறங்கிவிடுகிறது: அந்த நோயாளிகள் நம் வீட்டைத் தின்கிறார்கள் என்று. அப்படி யாரும் வாய் திறந்து சொல்லவில்லை, கணக்குதான் கொடுத்தார்கள். 1939இல் தொடங்கி அதே அரசு அப்படிப்பட்ட நோயாளிகளைத் திட்டம் போட்டுக் கொல்லவும் செய்தது. இதைப் படித்த பிறகு என்னால் எந்தக் கணக்குப் புத்தகத்தையும் பழைய மாதிரி புரட்ட முடியவில்லை. இது கொடூரத்தின் உச்சம், எல்லாக் கணக்கும் இப்படி இல்லை. ஆனால் "நாலு ஆண்கள் அல்லது எட்டுப் பெண்கள் ஒரு வேலையை இத்தனை நாளில் முடித்தால்" என்று தொடங்கும் கணக்கை நாம் எத்தனை முறை கேள்வியே இல்லாமல் போட்டிருக்கிறோம்?

விழுமியம் என்று சொன்னேன், அது ஒரே மாதிரி இருப்பதில்லை. பள்ளி எதற்கு என்ற கேள்விக்குச் சில பழைய பதில்கள் இருக்கின்றன, உலகத்தில் எந்தக் கலைத்திட்டத்தைப் பிரித்தாலும் அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். முன்னோர் சேர்த்து வைத்த சிறந்த அறிவையும் இலக்கியத்தையும் அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றுவது பள்ளியின் வேலை என்பார்கள் சிலர். நாளைக்கு வேலை கிடைக்க வேண்டும், நாட்டின் பொருளாதாரம் வளர வேண்டும், அதற்கான திறனைக் கொடு என்பார்கள் வேறு சிலர். பிள்ளையின் ஆர்வமும் வளர்ச்சியும்தான் மையம், மற்றதெல்லாம் அதைச் சுற்றித்தான் என்று ஒரு தரப்பு. சமூகத்தில் இருக்கும் அநீதியைப் பிள்ளைகள் அடையாளம் கண்டு மாற்றத் தயாராக வேண்டும் என்று இன்னொரு தரப்பு. நான்கிலும் நியாயம் இருக்கிறது. நேரம்தான் இல்லை. ஓவியத்துக்கு வாரத்தில் ஒரு பாடவேளை, கணக்குக்கு ஏழு என்று ஒரு கால அட்டவணை சொன்னால், அதைப் போட்டவர் இந்த நான்கில் எதன் பக்கம் சாய்ந்திருக்கிறார் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

இங்கிலாந்தை எடுத்துக்கொள்வோம். அங்கே 1988 வரை தேசியக் கலைத்திட்டம் என்று ஒன்று கிடையாது. சட்டப்படி கட்டாயமாக இருந்த பாடம் சமயக் கல்வி மட்டும்தான், மற்றதைப் பள்ளிகளும் உள்ளூர்க் கல்வி அமைப்புகளும் பார்த்துக்கொண்டன. 1976இல் அன்றைய பிரதமர் ஜேம்ஸ் கலகன் ரஸ்கின் கல்லூரியில் ஓர் உரை நிகழ்த்தினார், பள்ளியில் என்ன நடக்கிறது என்று கேட்கும் உரிமை பெற்றோருக்கும் தொழில்துறைக்கும் அரசுக்கும் உண்டு என்ற திசையில். அவர் தொழிற்கட்சிக்காரர். அந்தப் பேச்சு பற்றவைத்த நெருப்பை 1988இல் சட்டமாக்கியதோ அவருடைய கட்சிக்கு எதிரணியான கன்சர்வேடிவ் கட்சியின் அரசு: மார்கரெட் தாட்சர் பிரதமர், கென்னத் பேக்கர் கல்வி அமைச்சர். ஆங்கிலம், கணக்கு, அறிவியல் மூன்றும் மையப் பாடங்கள், மற்றவை அடித்தளப் பாடங்கள், 5 வயது முதல் 16 வரை நான்கு கட்டங்கள், இடையிடையே நாடு தழுவிய தேர்வு. ஒரே கட்சிக்குள்ளேயே ஒத்த கருத்து இருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தாட்சருக்கு வேண்டியது மூன்று பாடத்துக்கு எளிமையான ஒரு சட்டகம், பேக்கருக்கு வேண்டியது முழு விரிவு. வரலாற்றுக் குழு வரைவைக் கொடுத்தபோது அதில் தகவல்களும் பிரிட்டன் வரலாறும் போதவில்லை என்று தாட்சர் அதிருப்தி அடைந்தார். ஒரு நாட்டின் பிரதமர் 11 வயதுப் பிள்ளையின் வரலாற்றுப் பாடத்துக்காக மல்லுக்கட்டுகிறார் என்றால் அந்தப் பாடம் எவ்வளவு பெரிய விஷயம் என்று பாருங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, அது பலர் கண்ணில் படுவதில்லை. அந்தத் தேசியக் கலைத்திட்டம் தனியார் பள்ளிகளைக் கட்டுப்படுத்தவில்லை. நாட்டுக்கே பொது என்று பெயர், ஆனால் பணம் கட்டிப் படிக்கும் பிள்ளைகளுக்கு அது கட்டாயமில்லை. "தேசிய" என்ற சொல்லைப் பார்த்ததும், அதற்கு வெளியே நிற்க யாருக்கு அனுமதி இருக்கிறது என்று தேடுவது நல்ல பழக்கம்.

இனி, சொல் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஜப்பான். அங்கே பாடநூலைத் தனியார் பதிப்பகங்கள் எழுதுகின்றன, ஆனால் அமைச்சகத்தின் சரிபார்ப்பில் தேறினால்தான் பள்ளிக்குள் போக முடியும். இயெனாகா சபுரோ என்ற வரலாற்றாசிரியர் எழுதிய உயர்நிலைப் பள்ளி வரலாற்று நூல் 1960களின் தொடக்கத்தில் அந்தச் சரிபார்ப்பில் மாட்டிக்கொண்டது. போரைப் பற்றிய சித்திரம் மிக இருண்டிருக்கிறது என்பது சொல்லப்பட்ட குறைகளில் ஒன்று. அவர் 1965இல் அரசு மேல் வழக்குப் போட்டார், அப்புறம் 1967இல் ஒன்று, 1984இல் ஒன்று. மூன்று வழக்கும் ஓய்ந்தது 1997இல். மொத்தம் 32 ஆண்டு. பாடநூலைச் சரிபார்க்க அரசுக்கு உரிமை உண்டு என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது, அந்த வகையில் அவருக்குத் தோல்வி. ஆனால் சீனாவில் மனிதர்கள் மேல் சோதனை நடத்திய ஜப்பானியப் படையின் 731ஆம் பிரிவைப் பற்றி அவர் எழுதியதை நீக்கச் சொன்னது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதற்கு நடுவில், 1982இல், சீனாவில் ஜப்பான் செய்ததைச் சொல்லும்போது "ஆக்கிரமிப்பு" என்பதை "முன்னேறிச் செல்லுதல்" என்பது போன்ற மென்மையான சொல்லாக மாற்றும்படி அமைச்சகம் நெருக்குகிறது என்று செய்தி வந்து, சீனாவும் தென் கொரியாவும் கொதித்தெழுந்தன. அந்த ஆண்டே, அண்டை நாடுகளோடு நல்லுறவைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று ஒரு விதி சரிபார்ப்பு நெறிகளில் சேர்ந்தது. ஒரு வகுப்பறைச் சொல்லுக்காக மூன்று நாடுகள்.

சொல்லை மாற்றுவதாவது கண்ணுக்குத் தெரியும். எடுத்துவிடுவது தெரியாது. புத்தகத்தில் இருக்கும் தவறான வரியை யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள், இல்லாத வரியை எப்படிக் கண்டுபிடிப்பது? இந்தியாவில் தேசிய அளவில் பாடநூல் தயாரிக்கும் மத்திய அரசு அமைப்பான என்சிஇஆர்டி, கொரோனா காலச் சுமையைக் குறைக்கிறோம் என்று சொல்லிப் பாடங்களைக் கத்தரித்தபோது 10ஆம் வகுப்பு அறிவியலில் "மரபுவழியும் பரிணாமமும்" என்றிருந்த பாடம் வெறும் "மரபுவழி" ஆனது, டார்வின் பகுதி போய்விட்டது. 2023 ஏப்ரலில் 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் கல்வியாளர்களும் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். பரிணாமம் 12ஆம் வகுப்பு உயிரியலில் இருக்கிறதே என்பது பதிலாக வந்தது. இருக்கிறது, உண்மைதான். ஆனால் 10ஆம் வகுப்போடு உயிரியலை விட்டுவிடுகிற பிள்ளைகள் எவ்வளவு பேர், அவர்களுக்கு அந்தப் பாடம் இனி எந்த வகுப்பில் வரும்? ஒரு தலைப்பு எங்கே இருக்கிறது என்பதோடு, எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து உட்காரும் கடைசி வகுப்புக்கு முன்னே இருக்கிறதா பின்னே இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். என்னைக் கேட்டால் அது சுமைக் குறைப்பு ஆகாது, பிள்ளைகளுக்கு இழப்புதான்.

கலைத்திட்டம் ஒரு பிள்ளையின் வாழ்க்கைக்கு எல்லைக்கோடு போட்டுவிட முடியும் என்பதை அப்பட்டமாகக் காட்டிய இடம் தென்னாப்பிரிக்கா. 1953இல் வந்த பாண்டு கல்விச் சட்டம் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி, தனிக் கலைத்திட்டம் என்று வகுத்தது. அதன் பின்னால் நின்றவர் அன்றைய அமைச்சரும் பின்னாள் பிரதமருமான ஹென்ட்ரிக் வெர்வூர்ட். சில வகைக் கூலி வேலைக்கு மேல் அவர்களுக்கு வெள்ளையர் சமூகத்தில் இடமில்லை, அப்புறம் கணக்குக் கற்றுக்கொடுத்து என்ன பயன் என்கிற ரீதியில் வெளிப்படையாகவே பேசினார். ஒரு பிள்ளை எதைப் படிக்கலாம் என்பதை முடிவு செய்ததன் மூலம் அவள் என்ன ஆகக் கூடாது என்பதை முடிவு செய்தார்கள். பிறகு கணக்கையும் சமூக அறிவியலையும் ஆளும் வெள்ளையரின் மொழியான ஆப்பிரிக்கான்ஸில்தான் நடத்த வேண்டும் என்று கட்டளை வந்தபோது, 1976 ஜூன் 16 அன்று சொவெட்டோவில் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். போலீஸ் சுட்டது, பள்ளிப் பிள்ளைகள் செத்தார்கள். பாடவேளையில் எந்த மொழி என்பதற்காக.

நிறவெறி ஆட்சி 1994இல் முடிந்ததும் புதிய அரசு பழையதைத் தூக்கி எறிய நினைத்தது நியாயம்தான். 1997இல் "கலைத்திட்டம் 2005" என்ற பெயரில் புதிதாக ஒன்றை அறிவித்தார்கள். மனப்பாடம் வேண்டாம், பிள்ளை என்ன செய்யக் கற்றது என்பதைப் பார்ப்போம், தலைப்புப் பட்டியலைத் திணிக்காமல் ஆசிரியரே பாடப்பொருளை உருவாக்கட்டும், எல்லாம் அருமையான விழுமியங்கள். நூலகமும் பயிற்சியும் உள்ள பள்ளியில் அது ஓடியது. புத்தகமே இல்லாத, பழைய ஆட்சி வேண்டுமென்றே அரைகுறைப் பயிற்சி கொடுத்து வைத்திருந்த ஆசிரியர்கள் உள்ள பள்ளியில் ஆசிரியர் எதிலிருந்து உருவாக்குவார்? 2000இலேயே மறுஆய்வுக் குழு போட வேண்டி வந்தது, அப்புறம் திருத்தம், திருத்தத்துக்குத் திருத்தம், 2012 முதல் எந்த வாரம் எந்தப் பாடம் என்பது வரை விவரமாகச் சொல்லும் திட்டத்துக்கே திரும்பினார்கள். இந்தக் கதையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் எனக்கும் மனப்பாடம் பிடிக்காது, முதலில் கேட்டபோது அந்தப் புதுத் திட்டம் எனக்கும் சரியாகத்தான் பட்டது. நல்ல விழுமியம் மட்டும் போதாது, அதைச் சுமக்கிற பள்ளியின் நிலைமை என்ன என்றும் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் யாருக்காக மாற்றினோமோ அவர்கள் தலையிலேயே அது வந்து விழுகிறது.

எவ்வளவு விவரமாக எழுதுவது என்பதும் ஓர் அரசியல்தான். பின்லாந்தில் சுமார் பத்தாண்டுக்கு ஒருமுறை தேசிய அளவில் மையக் கலைத்திட்டம் வருகிறது, அடிப்படைக் கல்விக்கான ஒன்றை 2014இல் ஏற்றுக்கொண்டு 2016இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அதை வைத்து உள்ளாட்சிகளும் பள்ளிகளும் தங்களுக்கானதை எழுதிக்கொள்கின்றன. பாடநூலை அரசு சரிபார்ப்பதை 1990களின் தொடக்கத்திலேயே விட்டுவிட்டார்கள். ஆசிரியரை நம்புகிறோம் என்பது அங்கே வெறும் பேச்சு இல்லை, ஆசிரியர் ஆக முதுகலைப் பட்டம் வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே இருக்கிறது. அமெரிக்கா இன்னொரு வகை: கூட்டாட்சி அரசு பள்ளிக் கலைத்திட்டத்தில் தலையிடச் சட்டமே தடுக்கிறது. அதனால் அரசியல் இல்லாமல் போய்விட்டதா என்றால் இல்லை, அது மாநில வாரியங்களுக்கும் மாவட்டக் கூட்டங்களுக்கும் இடம் மாறியது, அவ்வளவுதான். டெக்சாஸ் போன்ற பெரிய மாநிலம் எதை ஒப்புக்கொள்ளும் என்று பார்த்தே பதிப்பகங்கள் எழுதுகின்றன என்ற குற்றச்சாட்டு அங்கே பழசு.

எழுதாத கலைத்திட்டம் ஒன்றும் இருக்கிறது. 1968இல் பிலிப் ஜாக்சன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் இதற்கு ஒரு பெயர் வைத்தார், தமிழில் மறைமுகக் கலைத்திட்டம் என்கிறோம். வரிசையில் நில், கையைத் தூக்கிவிட்டுப் பேசு, மணி அடித்தால் நடுவில் நிறுத்து, பாராட்டுக்குக் காத்திரு: இதையெல்லாம் எந்தப் பாடநூலும் சொல்வதில்லை, ஆனால் எல்லாப் பிள்ளைகளும் கற்றுக்கொள்கிறார்கள். தேர்வையும் நான் இந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன். கலைத்திட்ட முன்னுரையில் "சிந்திக்கும் குடிமக்கள்" என்று எழுதியிருக்கும், வினாத்தாள் வடிவமைப்பிலோ நூற்றுக்கு எண்பது மதிப்பெண் நினைவாற்றலுக்குப் போயிருக்கும். "இந்தப் பெட்டிச் செய்தியிலிருந்து கேள்வி வருமா?" என்று ஒரு பிள்ளை கேட்கிறாள், வராது என்கிறார் ஆசிரியர், வகுப்பு மொத்தமும் பக்கத்தைத் திருப்புகிறது. பெண் விஞ்ஞானிகளும் பழங்குடி மக்களும் பெரும்பாலும் அந்தப் பெட்டிக்குள்தான் இருப்பார்கள்.

சரி, ஒரு கலைத்திட்ட வரைவோ பாடநூலோ கையில் கிடைத்தால் எங்கே பார்ப்பது? முன்னுரையை விடுங்கள், அது எல்லா நாட்டிலும் அழகாகத்தான் இருக்கும். கற்றல் நோக்கங்கள் இருக்கும் பக்கத்துக்குப் போய் வினைச்சொற்களை மட்டும் வட்டமிடுங்கள். "அறிவர்", "போற்றுவர்", "பெருமிதம் கொள்வர்" ஒரு பக்கம். "ஒப்பிடுவர்", "கேள்வி எழுப்புவர்", "சான்றைச் சோதிப்பர்" இன்னொரு பக்கம். எது எந்தத் தலைப்புக்கு வருகிறது என்று பாருங்கள். ஒளிச்சேர்க்கையைச் சோதிக்கலாம், நாட்டின் கடந்த காலத்தைப் போற்ற மட்டும்தான் வேண்டும் என்று இருந்தால் அந்த ஆவணம் தன்னைப் பற்றி நிறையவே சொல்லிவிட்டது.

அப்புறம் பாடநூலில் செயப்பாட்டுவினையைத் தேடுங்கள். தமிழில் இது சுலபம், "பட்டது", "பட்டனர்" என்று முடியும். "நிலங்கள் கைப்பற்றப்பட்டன." யார் கைப்பற்றினார்கள்? "மக்கள் வெளியேற்றப்பட்டனர்." யார் வெளியேற்றினார்கள்? அதே பக்கத்தில் "அரசர் கால்வாய் வெட்டினார்" என்று இருக்கும். நல்லதுக்கு மட்டும் எழுவாய் இருக்கும், கெட்டது தானாக நடந்திருக்கும். கால்வாயை வெட்டியவர்களும் அந்த வாக்கியத்தில் இல்லை என்பதையும் ஓரத்தில் குறித்துவையுங்கள்.

வரைவு பொதுமக்கள் கருத்துக்கு வந்தால் அந்தக் குறிப்புகளை அனுப்புங்கள். பல நாடுகளில் இதற்குச் சில வாரங்கள் அவகாசம் கொடுக்கிறார்கள், அமைப்பாகச் சேர்ந்திருக்கும் குழுக்கள் அதை நன்றாகப் பயன்படுத்துகின்றன, பெற்றோரும் ஆசிரியர்களும்தான் குறைவாக எழுதுகிறார்கள். நீண்ட கட்டுரை தேவையில்லை. பக்க எண், வரி எண், இப்போது இருக்கும் வாக்கியம், அதற்குப் பதிலாக நீங்கள் வைக்கச் சொல்லும் வாக்கியம், அதற்கான சான்று. இவ்வளவு இருந்தால் குழுவில் இருப்பவர் அதை எடுத்து மேசையில் வைத்துப் பேச முடியும்.